இன்னும் நாற்பது நிமிஷம்

வரக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். வந்துவிட்டேன். கல்லூரியின் டூ வீலர் ஸ்டாண்டில், தகரக் கூரைக்குக் கீழே, யாருடையதோ ஒரு ஸ்கூட்டிக்குப் பின்னால் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கிருந்து எதிர்க் கட்டடத்தின் தாழ்வாரம் தெரிகிறது. தாழ்வாரத்தில் மூன்றாவது கதவு தெரிகிறது. அந்தக் கதவுக்குள் என் மகள் இந்துஜா பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் இங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது. ஆறரை மணி பஸ்ஸில் அவள் கரூரிலிருந்து கிளம்பினாள், அடுத்த பஸ்ஸில் நான் கிளம்பினேன். பட்டறைக்குப் போகிறேன் என்று வசந்தாமணியிடம் சொல்லிவிட்டு, அவள் கொடுத்த சாப்பாட்டுத் தூக்கோடு திருச்சிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன், அறுபத்து மூன்று வயதில் கட்டிய பெண்டாட்டிக்குப் பொய் சொல்லிவிட்டு. வாட்ச்மேன் கேட்டில் நிறுத்தி, "யாரைப் பார்க்கணுங்க?" என்றான். "கூரைத் தகடு பார்க்கச் சொன்னாங்க. டிங்கருங்க நானு" என்றேன். என் கையைப் பார்த்தான், விட்டுவிட்டான். அது முழுப் பொய்யும் இல்லை. அண்ணாந்து பார்க்கிறேன், மேலே இரண்டு இடத்தில் ஓட்டை, ஓரத்தில் ஒரு போல்ட் கழன்று தொங்குகிறது. முப்பத்தெட்டு வருஷமாக பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் தகடு அடித்தவன் நான். ஓட்டை எங்கே இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. தப்பாது என்றுதான் நினைத்திருந்தேன்.

மணி பத்தே கால். பன்னிரண்டுக்கு மணி அடிக்கும். அதற்கப்புறம் நாற்பது நிமிஷம் அவளுடையது, அவளுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்தது, ஒரு மணி நேரத்துக்கு இருபது நிமிஷம் என்று கணக்கு. அந்த நாற்பது நிமிஷத்தை அவள் கேட்டு வாங்குவாளா, எழுந்து வந்துவிடுவாளா என்பதுதான் இன்றைக்குப் பரீட்சையே. உள்ளே எழுதுவதற்கு மார்க் கூட இல்லையாம். மூன்று வாரமாக இங்கே ஒரு வகுப்பு நடக்கிறது. புத்தியில் குறை இல்லாத, எழுத்து மட்டும் பிடி கொடுக்காத பிள்ளைகளைக் காலேஜ் திறக்கும் முன்னால் காலேஜ் படிப்புக்குத் தயார் செய்கிற வகுப்பு. கற்றல் குறைபாடு என்று அதற்குப் பெயர். பதினொரு பிள்ளைகள், ஒரு ரெபெக்கா மேடம். முதல் நாள் எங்களையெல்லாம் உட்கார வைத்து அந்த அம்மா சொன்னது: "ஸ்கூல்ல டீச்சரே எல்லாத்தையும் பார்த்துக்கிட்டாங்க. சர்டிபிகேட்டை அவங்க அனுப்புனாங்க, சொல்லச் சொல்ல எழுதற ஆளை அவங்க போட்டாங்க, நேரத்தை அவங்க கேட்டு வாங்குனாங்க. இங்க யாரும் தேடி வந்து குடுக்க மாட்டாங்க. புள்ளைங்கதான் வாயைத் திறந்து கேக்கணும். நான் பாடம் நடத்தப் போறதில்ல. கேக்கறதுக்குத்தான் பழக்கப் போறேன்." கடைசி நாள் பரீட்சையில், பன்னிரண்டு மணிக்கு ஒரு சார் வந்து ஒன்றும் தெரியாதவர் மாதிரி தாளைக் கேட்பாராம். எழுதுகிற பெண்ணும் எழுந்துவிடுவாளாம். அப்போது பிள்ளை சொல்ல வேண்டும், எனக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது என்று. "அன்னிக்கு மட்டும் நீங்க யாரும் துணைக்கு வரக் கூடாது. உங்க முகத்தைப் பார்த்தா இதுங்க பேசாது" என்றார் அந்த அம்மா. சொல்லும்போது என்னைப் பார்த்துத்தான் சொன்னார். இருபது பேர் உட்கார்ந்திருந்தோம், என்னைத்தான் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தால் என் மகள் பேசமாட்டாள் என்று சொல்ல இவர் யார்? அன்றைக்கே மனதில் போட்டு வைத்துக்கொண்டேன். நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. மூன்றாம் வகுப்பில் சிலேட்டைக் கழுத்தில் கட்டி வெயிலில் நிறுத்தினாரே வேலுச்சாமி வாத்தியார், அவர் செத்தபோது ஊரே போயிற்று, நான் போகவில்லை. சவம் எங்கள் தெரு வழியாகப் போனபோது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

எதுவும் கேட்கவில்லை இங்கிருந்து. காற்று இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிக்கிறது. அவள் இப்போது சொல்லிக்கொண்டிருப்பாள், அந்தப் பெண் எழுதிக்கொண்டிருப்பாள். சொல்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டுமாம். மனதில் இருப்பதைக் கொட்டிவிடக் கூடாது, எழுதுகிறவள் கை எவ்வளவு வேகம் போகும் என்று பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும், புது வரி, கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு ஆளை எழுத வைத்துப் பழகச் சொல்லியிருந்தார் மேடம். வசந்தாமணிக்கு அடுப்பு வேலை. நான் உட்கார்ந்தேன். பென்சிலைக் கையில் கொடுத்தாள், ஒரு வெள்ளைத் தாளைப் பட்டறைக் காலண்டர் அட்டையில் வைத்துக் கொடுத்தாள். அவள் சொன்னாள், நான் கோடு போட்டேன். இடமிருந்து வலமாக ஒரு நீளக் கோடு, அதற்குக் கீழே இன்னொரு கோடு. "எழுதியாச்சாப்பா?" "ஆச்சு கண்ணு, அடுத்து சொல்லு." அவள் தாளை ஒரு தடவை கூட எட்டிப் பார்க்கவில்லை. வரி தீர்ந்ததும் சொல்லை நிறுத்தி என் கை ஓரத்துக்குப் போய்ச் சேரும்வரை காத்திருப்பாள். பதினெட்டு நாள் சாயங்காலம் அப்படிக் கோடு போட்டேன். வியாபாரத்தில் லாபம் என்றால் என்ன, தேய்மானம் என்றால் என்ன என்று அவள் சொல்லிக்கொண்டே போவாள். தேய்மானம் மட்டும் எனக்குப் புரிந்தது. ஒரு நாள் பாதியில் நிறுத்திச் சிரித்தாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்லீங்கப்பா. உங்க கோடு எல்லாம் ரொம்ப நேரா இருக்குது" என்றாள். டிங்கர் போட்ட கோடு, வேறு எப்படி இருக்கும்.

ஸ்கூட்டியை எடுக்க ஒரு பெண் வந்தாள். நான் எழுந்து கூரையைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். போய்விட்டாள். பதினொன்று ஆகப் பத்து நிமிஷம். பசிக்கவில்லை. போன வருஷமும் இப்படித்தான் ஒரு கேட்டுக்கு வெளியே நின்றேன், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, கணக்குப்பதிவியல். அவளுக்குத் தனி அறை, எழுத ஆள், ஒரு மணி நேரம் கூடுதல். எல்லாம் பள்ளிக்கூடத்து டீச்சர் வாங்கித் தந்தது. ஆனால் அதே பள்ளியில்தான் என் மச்சான் நாச்சிமுத்துவின் மகளும் எழுதினாள். நாச்சிமுத்து, வசந்தாமணியின் அண்ணன், வீடு கட்டிக் குடி போன அன்றைக்கு எல்லார் முன்னாலும், "மாரப்பன் மாப்ளைக்கு ஒரு பக்கம் படிச்சுக் காட்டச் சொன்னா பொழுது விடிஞ்சிரும்" என்று சொல்லிச் சிரித்தவன். பதினேழு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அந்த வீட்டில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. அவன் தினமும் மகளைக் கூட்டிப்போகக் கேட்டில் வந்து நிற்பான். எல்லாப் பிள்ளையும் வெளியே வந்த பிறகு என் மகள் மட்டும் ஒரு மணி நேரம் கழித்து வந்தால் ஏன் என்று கேட்பான். கேட்காமல் விடமாட்டான். அன்று காலையில் சாப்பிடும்போது இந்துஜாவிடம் சொன்னேன்: "மணி அடிச்சா எல்லாரோடயும் எந்திரிச்சு வந்துரு கண்ணு. மாமன் நிப்பான். அந்த ஒரு மணி நேரமெல்லாம் நமக்கு வேண்டாம்." தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "கடேசிக் கணக்கு பெருசுங்கப்பா" என்றாள். "வெரசாப் போடு" என்றேன். வந்துவிட்டாள். மணி அடித்ததும் கூட்டத்தோடு கூட்டமாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். நாச்சிமுத்து "எப்படி எழுதுன சாமி?" என்று கேட்டான், "நல்லா எழுதியிருக்கேனுங்க மாமா" என்றாள். என் மகளுக்குப் பொய் சொல்லத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று மார்க்கில் போயிற்று. மறுபடி எழுதித் தேறுவதற்குள் எல்லாக் காலேஜிலும் இடம் முடிந்துவிட்டது. ஒரு வருஷம் துணிக் கம்பெனியில் மேசை விரிப்புக்கு நூல் வெட்டினாள். கட்டை விரலில் கத்திரிக்கோல் காய்ப்பு இன்னும் இருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் எதையாவது சொல்லிச் சண்டை போட்டு முடித்திருப்பேன்.

கேட்காமல் இருப்பது இந்த வீட்டில் எல்லாருக்கும் வந்துவிட்டது. என்னிடமிருந்துதான் வந்திருக்கும். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா கேட்டதற்கும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அப்போது இந்துஜாவுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு நாள் அவளுக்கு என்னென்னவோ படம் காட்டி, கட்டை அடுக்கச் சொல்லி, வாசிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். இது சோம்பேறித்தனம் இல்லை, மூளை எழுத்தை வேறு மாதிரி பார்க்கிறது, அடித்தாலும் மிரட்டினாலும் மாறாது, வேறு வழியில் சொல்லிக்கொடுத்தால் படிக்கும் என்றார்கள். அப்புறம் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இந்த மாதிரி சிரமம் இருந்துருக்குதுங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா. வசந்தாமணி வாயைத் திறந்தாள். மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். "எங்க வம்சத்துலயே யாருக்கும் இல்லீங்க" என்றேன். அவர் பேனாவால் ஒரு கோடு போட்டார். நான் தாளில் போட்ட மாதிரியே ஒரு கோடு. இந்துஜா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் ஒன்றும் இல்லை. வழி தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிள்ளை பார்க்கிற மாதிரி பார்த்தாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் மகன் குமரகுருவை நான் அடித்த ஒவ்வொரு அடியும் எழுந்து வந்து என் முன்னால் நிற்குமே. சோம்பேறி என்று அடித்தேன், திமிர் என்று அடித்தேன், என் மானத்தை வாங்குகிறான் என்று அடித்தேன். பஸ் ஜன்னல் கண்ணாடிக்கு ஓரத்தில் போடுகிற பீடிங் ரப்பர், அதில் ஒரு முழம் வெட்டி வீட்டில் ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். கருப்பு ரப்பர். காற்றில் வரும்போது சத்தம் கேட்கும், பட்ட இடத்தில் கேட்காது.

குமரகுரு, என் மூத்த மகன். அவனும் வாசிக்கமாட்டான், ஆனால் எட்டு வயதில் டேபிள் ஃபேனைப் பிரித்து மாட்டினான். ஒன்பதாம் வகுப்பில் மூன்று பாடம் போனதும் பள்ளியை விட்டு நிறுத்திப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். பதினைந்து வயது. நாலு மாதம் நன்றாகத்தான் வேலை பார்த்தான். அப்புறம் அந்த நாள். புதுப் பஸ் ஒன்று முடிந்து நின்றது, கரீம் பாய் முன்னால் போர்டில் ஊர்ப் பெயரெல்லாம் எழுதி முடித்து பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீ வந்திருந்தது. எட்டுப் பேர் நின்றோம். யாரோ என்னிடம், "மாரப்பண்ணா, போர்டுல என்ன எழுதியிருக்குது?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியும். கரீம் பாய் காலையில் வாயால் சொல்லியிருந்தார், அதனால் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியில் நாச்சிமுத்துவின் சிரிப்பு எனக்குக் கேட்டது. என்னை விட்டு அந்தக் கேள்வி போய்த் தொலைய வேண்டும் என்று பையனைக் கூப்பிட்டேன். "ஏண்டா குரு, வா இங்க. ஒம்பது வருஷம் பள்ளிக்கூடம் போனவன் நீதானே. வாசி பார்க்கலாம்." கையில் டீ கிளாஸோடு வந்து நின்றான். போர்டைப் பார்த்தான். வாய் அசைந்தது. ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னான், அது அங்கே இல்லை. எட்டுப் பேரும் சிரித்தார்கள். இல்லை, கரீம் பாய் சிரிக்கவில்லை. ஏழு பேர். அதில் ஒருவன் நான். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன், சிரித்துக்கொண்டே, "தகரம்டா நீ" என்றேன். அவன் டீயைக் குடித்து முடித்தான். கிளாஸைக் கழுவி வைத்தான். கழுவித்தான் வைத்தான், அதை நான் பார்த்தேன். சாயங்காலம் போர்வெல் வண்டி ஒன்று வடக்கே கிளம்புவதாக இருந்தது, அதில் ஏறிவிட்டான். பதினொரு வருஷம். இப்போது சத்தீஸ்கரில் எங்கேயோ பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கிறான். ஆத்தாளும் மகளும் சமையல்கட்டில் ஃபோனைக் காதில் வைத்துக் குரலைத் தாழ்த்தினால் அது அவன்தான். நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். முதலில் அவன் பேசட்டும் என்று இருந்தேன். பெற்றவன் நான், நான் ஏன் முதலில் பேச வேண்டும். அவனும் அப்படியே இருக்கிறான். யார் பெற்ற பிள்ளை அவன்.

பதினொன்றே முக்கால். வெயில் கூரைத் தகட்டில் ஏறி டப் டப் என்று சத்தம் வருகிறது. பேன்ட் பையில் ஒரு துண்டுத் தகடு தொடையில் குத்துகிறது, இருக்கிறதா என்று காலையிலிருந்து மூன்று முறை தடவிப் பார்த்துவிட்டேன். முதல் வாரமே மேடம் ஒரு அட்டை கொடுத்திருந்தார். கையளவு அட்டை, நடுவில் நீளமாக ஒரு வெட்டு. புத்தகத்தின் மேல் வைத்தால் ஒரு வரி மட்டும் தெரியும், மேலே உள்ளதும் கீழே உள்ளதும் மறைந்துவிடும். அப்படி வைத்துக்கொண்டால் அவளால் வாசிக்க முடிகிறது. இரண்டு நாளில் அட்டை வியர்வையில் நைந்துவிட்டது. பட்டறையில் அலுமினியத் தகடு வெட்டியது போக மிச்சம் கிடக்கும், அதில் ஒன்றை எடுத்து அளவாக வெட்டி, ஓரம் கையைக் கீறாமல் அரம் போட்டு, கருப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "அட, சூப்பருங்கப்பா" என்றாள். அவள் குளிக்கப் போயிருந்தபோது, பேப்பர் விரித்துக் கிடந்தது, சும்மா அதன் மேல் அந்தத் தகட்டை வைத்துப் பார்த்தேன். சும்மாதான். எழுத்து நின்றது. எப்போதும் எறும்பு மாதிரி ஊர்ந்து, மேல் வரியிலிருந்து கீழ் வரிக்கு இறங்கி, கண்ணைக் கட்டி விளையாடுகிற எழுத்து, அந்த வெட்டுக்குள் அடங்கி நின்றது. ஒவ்வொன்றாகக் கூட்டினேன். மெட்டூர் அணையில் தண்ணீர் திறப்பு என்று இருந்தது. மேட்டூர். மெட்டூர் இல்லை. மறுபடி கூட்டினேன், மேட்டூர். ஒரு முழு வரி. அறுபத்து மூன்று வயதில். நிமிர்ந்தால் கதவில் இந்துஜா ஈரத் தலையோடு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. நான் தகட்டை எடுத்துத் துடைத்து, "பெயிண்ட் காஞ்சிருச்சான்னு பார்த்தேன்" என்றேன். "காஞ்சிருச்சுங்களா?" என்று கேட்டாள். "காஞ்சிருச்சு" என்றேன். மறுநாள் இன்னொரு தகடு வெட்டினேன். யாருக்கு என்று எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அதுதான் பையில் இருக்கிறது. இந்த மாதிரித் துண்டுகள் அன்றைக்கும் பட்டறையில் காலடியில் கிடந்தன. அவன் டீ கிளாஸோடு நின்றானே, அந்த இடத்திலேயே கிடந்தன. நான் செருப்பால் தள்ளிவிட்டுத்தான் நின்றேன்.

மணி. அடித்துவிட்டார்கள். உடம்பு தூக்கிப் போடுகிறது. முதல் கதவு திறக்கிறது, இரண்டாவது கதவு, பிள்ளைகள் வருகிறார்கள், காலேஜில் சேர வந்த மற்றப் பிள்ளைகளுக்கும் இன்றைக்கு ஏதோ பரீட்சையாம், தாழ்வாரம் நிறைந்துவிட்டது. நான் வேறொரு வண்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். பச்சைச் சுடிதார். பச்சைச் சுடிதார் நாலு வருகிறது, எதுவும் அவள் இல்லை. கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் கையில் தாள் கட்டோடு மூன்றாவது கதவுக்குள் போகிறார். இப்போது கேட்பார். இப்போது. வாயைத் திற கண்ணு. என் முகம் அங்கே இல்லை, நீ பேசலாம். போன வருஷம் அந்தக் காலையில் தோசை பிய்த்த விரல் நினைவுக்கு வருகிறது, கடேசிக் கணக்கு பெருசுங்கப்பா. கதவுக்குள்ளிருந்து ஒரு பெண் வருகிறாள். அவள் இல்லை, எழுதுகிற பெண். எழுந்து வந்துவிட்டாள். அப்படியானால் முடிந்தது. தாளைக் கொடுத்துவிட்டாள். கொடுத்துவிட்டுப் பெஞ்சியில் உட்கார்ந்து பேனாவை மூடிக்கொண்டிருப்பாள், சிரித்துக்கொண்டே வருவாள், நல்லா எழுதியிருக்கேனுங்க என்பாள். நான் பழக்கிய பிள்ளை வேறு எப்படி வரும். மூன்று வாரத்தில் இந்த அம்மா பழக்கியது எங்கே நிற்கும், பத்தொன்பது வருஷம் நான் பழக்கியது முன்னால். எழுதுகிற பெண் குழாயடிக்குப் போனாள். தண்ணீர் குடித்தாள். துப்பட்டாவில் வாயைத் துடைத்தாள். திரும்பி நடந்தாள். மூன்றாவது கதவுக்குள் மறுபடி போய்விட்டாள். கட்டம் போட்ட சட்டைக்காரர் வெளியே வருகிறார், கட்டு பழைய கனம்தான், ஒரு தாள் கூடியதா என்று இங்கிருந்து எப்படித் தெரியும். தாழ்வாரம் காலியாகிவிட்டது. ஆள் சத்தம் ஓய்ந்து, காற்றும் நின்றிருந்தது. அப்போது கேட்டது. அந்த அறைக்குள்ளிருந்து, நிறுத்தி நிறுத்தி, என் மகளின் குரல். சொன்னது புரியவில்லை, இங்கிலீஷ். நடுவில் வந்த ஒன்று மட்டும் புரிந்தது. "எழுதியாச்சா?" கொஞ்சம் இடைவெளி. என் கை ஓரத்துக்குப் போய்ச் சேருகிற அளவு இடைவெளி. மறுபடி குரல். நான் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வந்தது வேறு. இப்படி ஒரு நாற்பது நிமிஷம், இவ்வளவுதான், இதைக் கொடுத்திருந்தால் அவனும் எங்காவது ஒரு கதவுக்குள் உட்கார்ந்து பேசியிருப்பானே.

பன்னிரண்டு நாற்பதுக்கு வெளியே வந்தாள். நான் கேட்டுப் பக்கம் நழுவிப் போய்விடலாம் என்று எழுந்தேன், கால் மரத்துவிட்டது. நேராக ஸ்டாண்டைப் பார்த்து நடந்து வந்தாள். "தூக்குல என்ன சாப்பாடுங்கப்பா?" என்றாள். "எப்பப் பார்த்த?" "ஒம்பதே முக்காலுக்கே. கூரையைப் பார்த்துட்டு நின்னீங்க. உங்களுக்குத்தான் நடிக்கவே வராதே." என்னைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசியிருக்கிறாள். அந்த அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. "அந்த சார்கிட்ட என்ன சொன்ன?" "இன்னும் நாப்பது நிமிஷம் இருக்குதுங்க சார்னேன். எதுக்குன்னார். எனக்குக் கற்றல் குறைபாடு இருக்குது, சர்டிபிகேட் மேடம்கிட்ட இருக்குதுன்னேன். குரல்தான் கொஞ்சம் நடுங்கிப்போச்சு." தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். பாதியில் அவள், சோற்றைப் பார்த்துக்கொண்டே, "மேடம்கிட்ட இன்னொண்ணும் சொல்லிட்டேனுங்கப்பா. போன வாரம். வீட்டுல வேற யாருக்காச்சும் இருக்குதான்னு அவங்களும் கேட்டாங்க. அண்ணனுக்கு இருந்துச்சுன்னு சொன்னேன்" என்றாள். நான் தூக்கை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். "உங்களைச் சொல்லல" என்றாள். "அண்ணன்கிட்டயும் சொன்னேன். நேத்து ஃபோன்ல. இது பேரு என்ன, எப்படி இருக்கும், எல்லாம் சொன்னேன். அந்தத் தகடு பத்தியும் சொன்னேன். நீ தகரம் இல்லண்ணான்னு சொன்னேன்." அந்த வார்த்தை இவளுக்கு எப்படித் தெரியும். அப்போது எட்டு வயது இவளுக்கு. பதினொரு வருஷமாக ஃபோனில் இவர்களிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். "அழுதானா?" என்று கேட்டேன். "இல்ல. வண்டிச் சத்தம் மட்டும் கேட்டுட்டே இருந்துச்சு. அப்புறம், இது அப்பாவுக்குத் தெரியுமான்னு கேட்டான்." கை சோற்றில் அப்படியே நின்றது. "நீ என்ன சொன்ன?" அவள் தூக்கின் மூடியைத் துடைத்தாள், சுத்தமாக இருந்த மூடியைத் துடைத்தாள். "தெரியாதுன்னு சொன்னேன். எனக்கே இப்பத்தான் மேடம் சொன்னாங்க, அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணான்னு சொன்னேன்." "ம்." "அதான, தெரிஞ்சிருந்தா அப்பா ஃபோன் பண்ணியிருப்பாருன்னு சொன்னான். ஆடி நோம்பிக்கு வரேன்னான்."

கேட்டுக்கு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். வெயிலில் தார் உருகிக் கிடந்தது. வாட்ச்மேன், "கூரை பார்த்தாச்சுங்களா, எப்ப சரி பண்ணுவீங்க?" என்று கேட்டான். "வந்து பண்ணித் தரேன்" என்றேன். வருவேன், அந்த இரண்டு ஓட்டையையும் அடைத்துக் கொடுப்பேன், அதுவாவது. ஆஸ்பத்திரியில் நான் பொய் சொன்ன நாளிலிருந்து ஆறு வருஷம். ஆறு வருஷத்தில் எந்த நாளிலும் கூப்பிட்டிருக்கலாம், டேய் குரு, உன் மேல் தப்பில்லை என்று. தெரிஞ்சிருந்தா பண்ணியிருப்பார். அவன் என்னை அப்படி நினைத்து வைத்திருக்கிறான், எனக்கு அவ்வளவு நல்ல பெயர் கொடுத்து வைத்திருக்கிறான், அதை நம்பித்தான் வருகிறான். உண்மையைச் சொன்னால் வரமாட்டான். நான் பெற்ற பிள்ளை, அவன் மறக்கமாட்டான். சொல்லாவிட்டால் வருவான், என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவான், நான் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வாய்க்கும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி இருக்க வேண்டும். நடிக்கவே வராதே உங்களுக்கு என்கிறாள் இவள். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பழைய பாடி, எங்கள் பட்டறையில் கட்டியதுதான், மூலையில் தகடு மடித்திருக்கிற விதத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "அப்பா, அண்ணனுக்கு இன்னொரு தகடு வெட்டித் தருவீங்களா?" என்றாள் இந்துஜா. பையில் இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. எப்போது வெட்டினீர்கள் என்று கேட்பாள், அப்புறம் எல்லாம் சொல்ல வேண்டும். "வெட்டலாம்" என்றேன். பஸ் கிளம்பிக் குலுங்கியபோது பிடிக்காகக் கையை ஜன்னல் பக்கம் வைத்தேன். கண்ணாடி ஓரத்துப் பீடிங் ரப்பர் வெயிலில் இளகி விரலுக்குக் கீழே மெத்தென்று இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "சுடுதுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் கண்ணு என்றேன்.